தூன்னா நீ

உட்காருங்க சார். அந்த நாற்காலியில பையை நான்தான் வெச்சிருந்தேன், எடுத்தாச்சு. யாருக்கும் இடம் பிடிச்சு வைக்கல. எனக்கு யாரும் வரப்போறதில்ல. பைக்காவது ஒரு சீட்டு கிடைக்கட்டுமேன்னு வெச்சேன்.

ரவா தோசை சொல்லாதீங்க. சபா கான்டீன் சபா கான்டீன்னு ஊரே மெச்சுது, நான் சொல்லி வெச்ச தோசை இன்னும் மாவாவே இருக்கு போல. காபி மட்டும் போதுமா? டிக்கெட் இருக்கா உங்களுக்கு? வீட்டம்மா உள்ள இருக்காங்க, நீங்க காபிக்கு வந்தீங்க. அப்போ ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கீங்க. யார் வாங்கினது? அவங்களா? நல்லது சார். கொடுத்து வெச்சவர்.

என் சம்சாரமும் உள்ளதான் இருக்கா. ஏழாவது வரிசை, ஓரத்துல. எனக்கு டிக்கெட் கிடையாது. கார் ஓட்டிக்கிட்டு வந்து அவளை வாசல்ல இறக்கிவிட்டு, பார்க்கிங்ல அந்த வாட்ச்மேன்கிட்ட மல்லுக்கட்டி இடம் பிடிச்சு, இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். டிரைவர் உத்தியோகம். சூப்பரின்டென்டிங் இன்ஜினியரா ரிடையர் ஆனவன் சார் நான். திருநாவுக்கரசுன்னா ஒரு காலத்துல கான்ட்ராக்டருங்க செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள வருவாங்க. இன்னைக்கு வாட்ச்மேன் என்னைப் பாத்து, 'டிரைவரெல்லாம் அந்தப் பக்கம்'கிறான்.

எல்லாத்துக்கும் காரணம் ஸ்பானிஷ். சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன், ஸ்பானிஷ்தான்.

எங்க பையன் கதிரவன் ஸ்பெயின்ல இருக்கான், வலென்சியாங்கற ஊர்ல. அங்கயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான். நல்ல பொண்ணு, குறை சொல்லக்கூடாது. இப்ப மாசமா இருக்கா. ஜனவரியில நாங்க போறதா ஏற்பாடு. நாங்கன்னா, நானும் இவளும். ஃப்ளைட் டிக்கெட்டெல்லாம் இவதான் போன்ல போடறா, எனக்கு அந்த ஓடிபி எழவெல்லாம் ஆகாது. போட்டாச்சான்னு கேட்டேன், ஆச்சுன்னா. அதோட விட்டுட்டேன்.

அங்க போனா சம்பந்தியம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னு இவளுக்கு ஆசை. மயிலாப்பூர்ல ஒரு மாடியில ஸ்பானிஷ் க்ளாஸ் நடக்குதுன்னு கண்டுபிடிச்சா. நானும் சேர்ந்தேன். அவளைத் தனியா அனுப்பறதான்னு சேர்ந்தேன். இல்லன்னா எனக்கென்ன தலையெழுத்தா.

சொல்லிக்குடுக்கறது யாழினின்னு ஒரு பொண்ணு. மொத நாளே போர்டுல எழுதினா, அந்த ஊர்லயும் நம்ம மாதிரியே நீ, நீங்க ரெண்டும் உண்டுன்னு. பரவால்லையே, மரியாதை தெரிஞ்ச ஜனம்னு நினைச்சேன். நீங்கன்னா உஸ்தெத். சரி. நீன்னா என்ன தெரியுமா சார்?

தூ.

ஆமா சார், தூ. துப்பற தூதான். அதே உச்சரிப்பு, அதே வேகம். தூன்னா நீ. அந்தப் பொண்ணு சொல்லுது, 'நம்ம க்ளாஸ்ல பழகப்போறது சாதாரணப் பேச்சு. அதனால இங்க எல்லாரும் எல்லாரையும் தூன்னுதான் கூப்பிடணும். பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்து சொல்லிப் பழகுங்க'ன்னு. என் பக்கத்துல யாரு? இவ. தையல்நாயகி. என்னைத் திரும்பிப் பாத்தா. வாயைக் குவிச்சா. 'தூ'ன்னா.

க்ளாஸே சிரிச்சுது. அவளும் சிரிச்சா சார். மூக்குத்தி ஆட ஆட சிரிச்சா. கல்யாணமான நாள்லேருந்து 'என்னங்க'வைத் தவிர இன்னொண்ணு சொன்னதில்ல இவ. நான் ஏய்னு கூப்பிட்டிருக்கேன், இல்லங்கல. ஆனா நாலு பேர் முன்னாடி கூப்பிட்டதில்ல. இவ நாலு பேர் முன்னாடி 'தூ'ங்கறா. என் மானம் கப்பலேறிடுச்சு.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டேன். 'க்ளாஸ்ல என்னவோ பண்ணித் தொலை. வீட்டுல எனக்கு உஸ்தெத்தான்'னேன். 'சரிங்க'ன்னா. அவ எதுக்கும் சரிங்கதான். எதிர்த்துப் பேச மாட்டா. அது ஒரு குணம் அவகிட்ட.

அடுத்த க்ளாஸ்ல அந்தப் பொண்ணுகிட்டயும் சொன்னேன், எங்க வீட்டுல உஸ்தெத்தான் புழங்கும்னு. அது சொல்லுச்சு, 'தாராளமா சார். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. உஸ்தெத் போட்டா வினைச்சொல் அவருக்கு வர்ற மாதிரியேதான் வரும். வியெனெஸ்னா நீ வர்றியா. கடைசி எஸ் போயிடுச்சுன்னா வியெனே. அதுக்கு நீங்க வர்றீங்களான்னும் அர்த்தம், அவர் வர்றாரான்னும் அர்த்தம். இடம் பாத்துதான் புரிஞ்சிக்கணும்'னு. நான் சொன்னேன், 'மரியாதைன்னா அப்படித்தாம்மா இருக்கும். எங்கம்மா எங்கப்பாவை சாப்பாடு ஆச்சா, கிளம்பியாச்சான்னுதான் கேப்பாங்க. யாரு என்னன்னு ஒண்ணும் வராது. எங்கப்பாவுக்குப் புரியாமலா போச்சு?'ன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுச்சு.

இன்னொரு கூத்து கேளுங்க. வியெனெஸ்னு, வர்றியான்னு ஒருத்தர் கேட்டா, நாம வர்றேன்னுதானே சொல்வோம்? அந்த பாஷையில வர்றேன்னு சொல்லக் கூடாதாம். வோய்ங்கணுமாம். வோய்னா போறேன். போறேன்! விளக்கு வைக்கிற வீட்டுல வாசப்படியில நின்னு போறேன்னு சொல்றதுக்கா எங்கம்மா என்னை வளத்தாங்க? முடியாதுன்னுட்டேன். எல்லாரும் சொன்னாங்க, இவளும் சொன்னா, வோய் வோய்னு. நான் வாயே திறக்கல. யாரு கூப்பிட்டாலும் இந்தத் திருநாவுக்கரசு வாயில போறேன் வராது.

இருங்க, விஷயத்துக்கு வர்றேன். காபி ஆறட்டும், அவசரம் ஒண்ணுமில்ல. உள்ள இன்னும் தனி ஆவர்த்தனம் வரல. ஸ்பீக்கர்ல கேக்குது பாருங்க, ராகம் இன்னும் இழுத்துக்கிட்டிருக்கு. இதைத்தான் வருஷாவருஷம் இவகிட்ட சொல்றேன், ஸ்பீக்கர்ல கேட்டா என்ன, டிவியில கேட்டா என்ன, அதே பாட்டுதானே. வருஷாவருஷம் டிசம்பர் பொறந்தா என்கிட்ட வந்து நிப்பா. 'என்னங்க, ஒரு கச்சேரிக்குப் போலாமா?' இன்னைக்கு உள்ள பாடற அம்மா பாட்டுன்னா அவளுக்கு உசுரு. கல்யாணத்துக்கு முன்னாடி இவளும் பாடினவதான். நான் தடுக்கல சார். ஆபீஸ் டென்ஷன்ல வீட்டுக்கு வந்தா கொஞ்சம் அமைதி வேணும்னு சொல்லியிருக்கேன், அவ்வளவுதான். அவளா விட்டுட்டா.

போன மாசம் க்ளாஸ்ல ஒரு பாடம் வந்துது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கறதைப் பத்தி ரெண்டு சிநேகிதங்க பேசிக்கறது. எங்க வாங்கினே, எப்ப வாங்கினே, சீட்டு எங்க, தீர்ந்துபோச்சா, இப்படி. எல்லாமே தூ பாஷை. ஜோடி ஜோடியா எழுந்து நின்னு பேசணும். எங்க முறை வந்துது. புஸ்தகத்துல இருக்கறபடி நான் கேக்கணும், அவ பதில் சொல்லணும். கேட்டேன், 'க்வாந்தாஸ் என்த்ராதாஸ் கொம்ப்ராஸ்தே?' எத்தனை டிக்கெட் வாங்கினே, அதான் அர்த்தம். என் உச்சரிப்பு நல்லா இருக்கும், அந்தப் பொண்ணே சொல்லும். புஸ்தகத்துல பதில் தோஸ்னு இருக்கு. ரெண்டு, எனக்கொண்ணு உனக்கொண்ணு. நான் அதைப் பாத்துக்கிட்டேதான் நிக்கறேன்.

இவ 'ஊனா'ங்கறா.

ஊனான்னா ஒண்ணு. தப்பாப் படிக்கறாளேன்னு நான் மெதுவா, 'தோஸ், தோஸ்'னு எடுத்துக் குடுத்தேன். இவ புஸ்தகத்தை மூடினா. 'ஊனா. பாரா மீ'ன்னா. ஒண்ணு, எனக்குன்னு. அந்த யாழினிக்கு ஒரே உற்சாகம், சொந்தமா வாக்கியம் அமைக்கறாளேன்னு. ஏன் ஒண்ணுன்னு ஸ்பானிஷ்ல கேக்குது. இவ தயங்கவே இல்ல. 'மி மரீதோ நோ வியெனே'ன்னா. என் வீட்டுக்காரர் வரலன்னு.

கை தட்டினாங்க சார். இலக்கணம் சுத்தமா இருக்குன்னு அந்தப் பொண்ணு கை தட்டுது, கூட எல்லாரும் தட்டறாங்க. நான் கையில புஸ்தகத்தை வெச்சிக்கிட்டு மரம் மாதிரி நிக்கறேன்.

பாடத்துக்காகச் சொல்றான்னு நினைச்சேன். கார்ல வரும்போது கேட்டேன், 'என்னது அது, வீட்டுக்காரர் வரலங்கறே?' பையிலேருந்து போனை எடுத்துக் காட்டறா. இன்னைய கச்சேரி. நெசமாவே வாங்கியிருக்கா. ஒரே ஒரு டிக்கெட். நான் உடனே சபா கவுண்டர்லயே போய்ப் பாத்தேன், இன்னொண்ணு வாங்கலாமான்னு. வித்துத் தீர்ந்துடுச்சு.

நீங்களே சொல்லுங்க சார். வயித்தெரிச்சலா இருக்காதா? குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம். தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினதும் இல்லாம, ஊர் பாக்க என்மேல பழியும் போடறா, நான் வரலன்னேனாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? வர்றீங்களான்னு ஒரு வார்த்தை? கேக்கலை சார். தமிழ்ல கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன். அது வேற விஷயம். கேக்கணுமில்ல?

என்ன, நல்லா யோசிச்சுப் பாக்கணுமா? இதுல யோசிக்க என்ன இருக்கு? கச்சேரின்னு இந்த வருஷம் அவ பேச்செடுத்ததே ஒரே தடவை, அதுவும் என்னைப் பத்தி இல்ல, கதிரைப் பத்தி. அவன் டிசம்பர்ல வர்றதா இருந்தான். லீவு கிடைக்கல, வரல. அவனுக்கும் பாட்டுப் பிடிக்கும், அம்மா புள்ள. அந்தப் பாடத்துக்கு முந்தி ஒருநாள் இவ அடுப்படியில வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டிருக்கா. நான் பேப்பர் பாக்கறேன். தினம் கொஞ்ச நேரம் வீட்டுல ஸ்பானிஷ் பேசணும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்துது. இவ என் பக்கம் திரும்பக்கூட இல்ல. அங்கேருந்தே, 'வியெனே அல் கொன்சியெர்த்தோ?'ன்னா. கச்சேரிக்கு வர்றானா. பாவம், புள்ள ஞாபகம்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. 'நோ வியெனே'ன்னேன். வரலன்னேன். சுத்தமான பதில். இவ 'ப்வேனோ'ன்னா. சரின்னு அர்த்தம். அவ்வளவுதான், வெண்டைக்காயை நறுக்க ஆரம்பிச்சுட்டா.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

யாரை? என்னையா?

இல்ல இல்ல. உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது, நீங்க பேசாம இருங்க. வியெனேன்னா அவன் வர்றானா. கடைசி எஸ் இல்ல பாருங்க, அவ எஸ் போடல. எஸ் போட்டிருந்தா நீன்னு ஆயிருக்கும், நான் வீட்டுல நீ கூடாதுன்னு சொல்லியிருக்கேன், அதனால எஸ் போடாம...

அந்தப் பொண்ணு சொன்னதை நான்தான் உங்களுக்குச் சொன்னேன், எனக்கே திருப்பிச் சொல்லாதீங்க. இடம் பாத்துப் புரிஞ்சிக்கணும். வீட்டுல ரெண்டே பேரு. எனக்கும் தெரியும் சார் இடம்.

அப்படியே என்னைத்தான் கேட்டான்னு வெச்சுக்கோங்க. மூஞ்சியைப் பாத்துக் கேக்க வேண்டியதுதானே? முதுகைக் காட்டிக்கிட்டு வெண்டைக்காயைப் பாத்தா கேப்பாங்க? நான் நோ வியெனேன்னதும், 'உங்களைத்தாங்க கேட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரின்னுட்டாளே. வரலன்னு நான் சொன்னது அவளுக்குப் பழகிப்போன பதில், அதனால... இல்ல சார், இது அநியாயம். மரியாதையாக் கேட்டா என் காதுல விழாதுன்னு ஆகுதில்ல?

தோசை வந்துடுச்சு. பாருங்க, நடுவுல வேகவே இல்ல. எனக்கு வேணாம், எடுத்துக்கிட்டுப் போப்பா.

இருங்க, போன் அடிக்குது. மெசேஜ். இவதான். கண்ணாடி எங்க போச்சு... 'பக்கத்து சீட் பெரியவர் கிளம்பிட்டார். டிக்கெட்டை என்கிட்ட குடுத்துட்டார். வாசலுக்கு எடுத்துட்டு வரட்டுமா.' அதோட நிறுத்தியிருக்கலாமில்ல? கீழ ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை. வியெனெஸ். கேள்விக்குறி ரெண்டு பக்கமும் போட்டிருக்கா, மொதல்ல தலைகீழா ஒண்ணு, கடைசியில ஒண்ணு. அவங்க எழுதற முறை.

வியெனெஸ். எஸ் இருக்கு சார். நல்லாப் பாருங்க, இந்தாங்க. எஸ் இருக்கா இல்லையா? நீ வர்றியாங்கறா.

எழுந்து போகச் சொல்றீங்களா? நீங்க யாரு சார் எனக்குச் சொல்றதுக்கு? போவேன். போகாம என்ன. ஏழாவது வரிசையில அவ பக்கத்துல உட்காந்து, தாளம் போடத் தெரியலன்னாலும் போடற மாதிரி தொடையைத் தட்டிக்கிட்டு இருக்க எனக்கும் தெரியும். ஆனா தூன்னு கூப்பிட்டா வாலை ஆட்டிக்கிட்டு ஓடறதா? ஒரு தடவை விட்டுக்குடுத்தா நாளைக்கு வலென்சியாவுல சம்பந்தி வீட்டு முன்னாடியும் 'தூ'ம்பா. ஆரம்பத்துலயே தட்டி வைக்கணும். ஆபீஸ்ல அப்படித்தான் நான் ஆளுங்களை வெச்சிருந்தேன்.

பதில் போடறேன் பாருங்க. ஒரே வார்த்தை. உஸ்தெத். அனுப்பிட்டேன். அவ்வளவுதான். திருத்திக் கேட்டான்னா அடுத்த நிமிஷம் எழுந்துடுவேன். சத்தியமா. இந்தா, பையைக்கூட தோள்ல மாட்டிக்கிட்டேன்.

பாத்துட்டா. ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு.

ராகத்தை முடிச்சிட்டாங்க போல. கை தட்டறாங்க. இவளும் தட்டிக்கிட்டிருப்பா, அதான் டைப் அடிக்கல. கை தட்டும்போது எப்படி அடிக்கறது.

என்ன சார் மணியைப் பாக்கறீங்க? கொஞ்சம் இருங்க. இதோ, அடிக்கறா, அடிக்கறா. நின்னுடுச்சு. திரும்ப அடிக்கறா.

வந்துடுச்சு. 'பெர்தோனே உஸ்தெத்.' பாத்தீங்களா? நான் சொல்லல? மன்னிக்கணும் நீங்கன்னு, உஸ்தெத் போட்டுட்டா. அடிச்சாத்தான் படியும். இன்னொரு வரி இருக்கு. 'யா எஸ்தா ஒகுபாதோ.'

யான்னா, ஏற்கெனவே. ஒகுபாதோன்னா...

வேற யாரோ உட்கார்ந்துட்டாங்களாம்.

இலக்கணத்துல ஒரு தப்பு இல்ல சார். ஒரு எழுத்துக்கூடத் தப்பா இல்ல. அந்த யாழினி பாத்தா கை தட்டும்.

ஜனவரி டிக்கெட்டைப் பத்தி ஒண்ணு கேக்கணும் அவகிட்ட. ஆச்சுன்னா. போட்டாச்சுன்னா. எத்தனைன்னு நான் கேக்கல. தினம் அடுப்படியிலேருந்து ஸ்பானிஷ்ல எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கா, வியெனே, வியெனேன்னு. நானும் பேப்பரைப் பாத்துக்கிட்டு எதையோ பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். என்ன கேட்டா, என்ன சொன்னேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. க்வாந்தாஸ் கொம்ப்ராஸ்தேன்னு கேட்டா 'எத்தனை வாங்கினே'ன்னு அர்த்தம். அது தூ பாஷை. மரியாதையா எப்படிக் கேக்கறதுன்னு எனக்கு அந்தப் பொண்ணு சொல்லிக்குடுக்கல. நான்தான் யாரையும் அப்படிக் கேக்கறதில்லையே.

எழுந்துட்டீங்களா? தேடுவாங்க, ஆமா, நீங்க உள்ள உட்காரணும். உங்களுக்கு சீட்டு இருக்கு. கப்பை அங்கயே வைங்க, நான் பாத்துக்கறேன்.

என்ன சொன்னீங்க? போறேனா? போறேன்னு சொல்லாதீங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். இங்க நான் ஒருத்தன் உட்கார்ந்திருக்கேனில்ல, என்கிட்டயாவது போயிட்டு வரேன்னு சொல்லுங்க.